லேசான இடம்

இரண்டே மாதம் ஓடியது என்றான் அபுதாகிர்.
பெட்டிகூட இருக்கிறது, பிடிக்கவில்லையென்றால்
திங்கட்கிழமைக்குள் திருப்பித் தந்துவிடு.
செக்காலையிலிருந்து ஸ்கூட்டரில்
இரண்டு காலுக்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்தேன்
ஒரு ஸ்டீயரிங்கை,
வண்டி இல்லாத ஸ்டீயரிங்கை.

முதலில் மேசை ஒத்துழைக்கவில்லை.
வாடகை வீட்டோடு வந்த பர்மா தேக்கு,
பலகை மட்டும் நாலு விரற்கடை.
கிளாம்ப் வாயைப் பிளந்து பிளந்து பார்த்தது,
முழுப் பூசணியைக் கவ்வ வந்த எலி.
கடைசியில் இஸ்திரி மேசையில் பூட்டினேன்.
அது வளைவுக்கு வளைவு என்னோடு சாய்ந்தது.

தரை இன்னும் மோசம்.
ஆத்தங்குடிக் கல், தேங்காயெண்ணெய் தொட்டுத்
துடைத்துத் துடைத்து முகம் தெரிகிற வழவழப்பு.
பிரேக்கை மிதித்தால்
பெடல் வடக்கே போகிறது,
நாற்காலி தெற்கே போகிறது,
திரையில் கார் மட்டும்
நேரே போய்ச் சுவரில் முட்டுகிறது.
அரிசிச் சாக்கை நனைத்துக் கீழே போட்டேன்.
நின்றது.

சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது.
உள்ளே பல்சக்கரம்.
இரவு பத்தரைக்கு மாடிவீட்டு வள்ளிக்கண்ணு இறங்கி வந்து
'இந்நேரத்துக்கா மாவாட்டுறீங்க?' என்றாள்.

விசையை நூறில் வைத்தால் எல்லாமே கத்தல்.
ஓரக்கல்லும் ஒன்று, குழியும் ஒன்று,
மணிக்கட்டு வலி மட்டும் நிஜம்.
எண்பது. எழுபது.
அறுபதில் கத்தல் அடங்கி
சாலை தனித்தனியாகப் பேச ஆரம்பித்தது:
தார் மாறிய இடம், விளிம்புச் சரளை,
முன்சக்கரத்தின் சின்ன முனகல்.
நோட்டில் எழுதினேன், அறுபது, நல்லது.

பிறகு மழையைப் போட்டேன்.
சும்மாதான். ஒரு பட்டன் அது.

மூன்றாம் சுற்று, நீண்ட இடது வளைவு,
கை நிறையக் கனத்தோடு திருப்பிக்கொண்டிருந்தேன்,
சட்டென்று கனம் போயிற்று.
ஸ்டீயரிங் திரும்புகிறது, கார் திரும்பவில்லை.
மோட்டார் எதுவும் செய்யவில்லை.
செய்யாமல் இருந்ததுதான்
அது சொன்ன சேதி.

எனக்குத் தெரியும் இந்த லேசை.
போன ஐப்பசிக்கு முந்திய ஐப்பசி,
திருமயம் சாலை, பாலம் தாண்டித் தேங்கிய நீர்.
பக்கத்து இருக்கையில் விசாலம்
கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.
அவளுடைய காறை எலும்பு கூடிவிட்டது,
மார்கழியில் மட்டும் வலிக்கிறதாம்.

இன்ஷூரன்ஸ்காரர் கேட்டார், திருப்பினீர்களா?
திருப்பினேன்.
அப்புறம்?
அப்புறம் அது அங்கே இல்லை.
எது இல்லை?
அவர் பேனா காத்திருந்தது.
வேகத்துக்கும் டயரின் வயதுக்கும்
ஓட்டுநரின் தூக்கத்துக்கும் கட்டங்கள் இருந்தன.
கவனக்குறைவு என்று நானே சொல்லிக்கொடுத்தேன்,
அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுபடி அந்த வளைவு. மறுபடி.
பதினொரு தடவையும் ஒரே இடத்தில்
கை காலியாயிற்று.
பன்னிரண்டாவதில் இன்னும் ஒடிக்காமல்
கொஞ்சம் நேராக்கிக் காத்திருந்தேன்.
கனம் திரும்பி வந்தது,
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு
நிதானமாக உள்ளே வருகிற ஆள் மாதிரி.
அன்றைக்கு அவ்வளவு நேரம் இருந்ததா,
தெரியவில்லை.
இங்கே பட்டனை அழுத்தினால் கார் புதிதாகிவிடுகிறது.

விசாலத்தை நாளைக்கு வரச் சொன்னேன்.
ஓட்ட வேண்டாம், கையை வைத்தால் போதும்.
எதுக்குடி என்றாள். நான் சொல்லவில்லை.
சரி, கடலை வாங்கி வர்றேன் என்றாள்.

அபுதாகிருக்கு எழுதிவிட்டேன்:
கிளாம்ப் உதவாது. இரைச்சல் அதிகம்.
நடுவில் ஒரு நூல் அளவு மந்தம்,
இடமா வலமா என்று அதற்கே தெரியவில்லை.
ஐந்நூறு குறைத்துக்கொள்,
வைத்துக்கொள்கிறேன்.

சாக்கு காய்ந்துவிட்டது.
மறுபடி நனைக்க வேண்டும்.