பிடிச்சிருக்கு

அஜ்மானுக்கு நாலு கடல்மைல் தள்ளி நிற்கிறோம்.
நிற்பதுதான் இப்போது வேலை.
ஏழு மாதமாய்ச் சம்பளம் இல்லை.
பாஸ்போர்ட்டுகள் கரையில்,
யார் மேஜை டிராயரில் என்று தெரியாது.
இரவில் ஓட்டல்கள் விளக்குப் போடுகையில்
அங்கத்து ஏசி இங்கே வீசுகிற மாதிரி
ரஃபீக்குல் சட்டையைத் திறந்துவிட்டு உட்காருவான்.

நான் சமையல்.
செபமாலை அறுந்து மணிகள் கடலுக்குப் போனபின்
அரிசியில் வண்டு பொறுக்கிக்கொண்டே சொல்கிறேன்,
ஒரு அருள்நிறை மந்திரத்துக்கு ஒரு வண்டு.
ஐம்பத்து மூன்று முடிந்தாலும்
வண்டு மிச்சமிருக்கிறது.

முதலாளி போனை எடுக்கிற நாட்களில்
'நாளைக்கு' என்கிறார்.
எங்கள் பங்குச் சாமியாரும்
பிரசங்கத்துக்குப் பிரசங்கம் அதையேதான் சொன்னார்:
ஆண்டவர் வருவார், பொறுத்திருங்கள்.
இந்த நாளைக்கும் அந்த நாளைக்கும்
என்ன வித்தியாசம் ஆண்டவரே?
கோபத்தில் கேட்கவில்லை.
சரி, கோபத்தில்தான் கேட்டேன்.

மிஷன் படகு தந்துபோன காலண்டரில்
நங்கூரப் படம், அடியில் நம்பிக்கை என்று ஒரு சொல்.
போன வருஷத்துக் காலண்டர்.
நங்கூரத்தை அச்சடித்தவன்
அதில் கட்டுண்டு கிடந்திருக்க மாட்டான்.

செவ்வாய் இரவு ஷமால் இறங்கியது.
எஞ்சின் இல்லை. எண்ணெய் இல்லை.
பக்கத்தில் கிடந்த சிமெண்ட் கப்பலின் விளக்கு
மெல்ல நகர்ந்தது.
அவர்கள் கூப்பிட்டது காற்றில் பாதி கேட்டது,
பாதி கேட்கவில்லை.

தஸ்நேவிஸ் முன்தளத்துக்குத் தவழ்ந்து போய்
சங்கிலிமேல் உள்ளங்கையை வைத்துக் குப்புறக் கிடந்தான்.
நானும் போய்க் கிடந்தேன்.
நங்கூரம் சேற்றை உழுதால்
சங்கிலி கடகடவென்று நடுங்கும்.
ஊன்றியிருந்தால்
இழுபடும், முனகும், நடுங்காது.
பதினைந்து பாகம் ஆழத்தில் கிடக்கிற இரும்பை
எவனும் பார்க்க முடியாது.
கை வைக்கலாம், அவ்வளவுதான்.

விடியும்வரை வைத்திருந்தோம்.
வாயில் உப்பு. செபம் ஒன்றும் முழுதாய் வரவில்லை,
'ஏசுவே' என்பதற்குமேல் வாக்கியம் எழவில்லை.
தஸ்நேவிஸ் மட்டும் மணிக்கொரு தரம்,
எனக்கா கடவுளுக்கா தெரியவில்லை,
'பிடிச்சிருக்கு' என்றான்.
'பிடிச்சிருக்கு.'

காலையில் பார்த்தால்
சிமெண்ட் கப்பல் ஓட்டல் வாசலில் தரைதட்டிக் கிடக்கிறது.
ஜனங்கள் படம் எடுக்கிறார்கள்.
அதன் ஆட்கள் ஏணியில் இறங்கி
மணலில் நடந்துபோனார்கள், போர்வை போர்த்தி,
கையில் டீயோடு.
கயிறு அறுந்தவர்கள் கரையேறிவிட்டார்கள்.
பிடித்துக்கொண்டவர்கள் நாங்கள்
கடலிலேயே இருக்கிறோம்.
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
தஸ்நேவிஸிடம் கேட்டேன்.
அரிசி களைந்தாயா என்று கேட்டான்.

ஆனால் அந்த நடுங்காமை
என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.
முதலாளியின் நாளையில் கை வைத்துப் பார்த்தால்
வெறும் காற்று.
மற்ற நாளை இழுக்கிறது, முனகுகிறது.
வலிக்கக்கூடச் செய்கிறது.

ஜெனரேட்டர் ஓடும் ஒரு மணி நேரத்தில்
சுகிர்தத்துக்கு எழுத உட்கார்ந்தேன்.
வருகிறேன் என்று எழுதி அழித்தேன்.
காசு அனுப்புகிறேன் என்று எழுதி அழித்தேன்.
சார்ஜ் நாலு சதவீதம்.
ஒரே சொல்லை அனுப்பினேன்:
பிடிச்சிருக்கு.

அணைவதற்குமுன் அவள் பதில் வந்தது:
'அங்கயா?
பிடிச்சிருக்கா?'

ஏழு மாதத்தில் முதல் தடவை
அந்த இரும்பு முழுக்கக் கேட்கும்படி
சிரித்தேன்.