தண்ணீர் இறங்கும் பக்கம்

ஞாயிறு, ஆறே கால்.
பாணஸ்வாடி தாண்டி
தண்டவாளத்துக்கும் ராஜகால்வாய்க்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலத்தில் ஒரு மண்பாதை.
வரைபடத்தில் கிடையாது.
மாநகராட்சியைக் கேட்டால் ரயில்வே என்பார்கள்,
ரயில்வேயைக் கேட்டால்
எந்தப் பாதை என்பார்கள்.

மண்வெட்டி நான்கு, கடப்பாரை ஒன்று.
சகாயமேரி ஸ்கூட்டரின் காலடியில்
சாக்கில் சுருட்டிய இரண்டு அரிவாள்.
போலீஸ் நிறுத்தினால்
'புல் வெட்டத்தான் சார்' என்பதை
நான்கு மொழியில் வைத்திருக்கிறாள்.

முதல் வருடம் நாங்கள் பள்ளத்தை நிரப்பினோம்.
கொட்டினோம், மிதித்தோம், படம் எடுத்துக்கொண்டோம்.
மழை வந்து
மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.
மறுபடி நிரப்பினோம்.
மறுபடி எடுத்துக்கொண்டது,
தவணைக்காரன் மாதிரி, தேதி தவறாமல்.

இரண்டாம் வருடக் கடைசியில்தான்
பள்ளத்தை அப்படியே விட்டு
பத்தடி மேலே போய் நின்று பார்த்தோம்.
தூறல். குடை இல்லை.
தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கலாம் என்று
யோசித்துக்கொண்டிருந்தது.
அந்தப் பக்கம்
ஒரு கை அகலத்தில் ஒரு கீறல் வெட்டினோம்.
அவ்வளவுதான்.
நன்றி என்பது போலக்கூட இல்லாமல்
இறங்கிப் போனது.

இன்று காலை வந்தால்
யாரோ ஒருவருடைய குளியலறை
பாதை மேல் கிடக்கிறது.
ராத்திரி டிப்பர் கவிழ்த்தது.
நீல டைல்ஸ், கைப்பிடி இல்லாத குழாய்,
நடுவில் ஒரு வெஸ்டர்ன் கோப்பை
மூடியோடு, மரியாதையாக.
சுவர்த் துண்டு ஒன்றில் பென்சிலில்
'பிளம்பர்' என்று எழுதி ஒரு நம்பர்.
எட்டு இலக்கம் இருந்தது,
மீதி இரண்டு வேறு துண்டில் போயிருக்கும்.

தப்ரேஸ் கோப்பையில் உட்கார்ந்து
கன்னத்தில் கை வைத்துக்கொண்டான்.
புகார் எழுதலாம், நம்பர் பிளேட் பிடிக்கலாம்,
கேமரா வைக்கலாம் என்று
நாகவேணி ஆரம்பித்தாள்.
அவள் மூன்றாவது 'லாம்' சொல்வதற்குள்
சகாயமேரி சுத்தியலை எடுத்திருந்தாள்.

பெரிய செங்கல் அடியில்.
அதன்மேல் உடைத்த சிமென்ட்.
டைல்ஸின் வெட்டு முனை கீழே பார்க்க,
இல்லாவிட்டால் டியூபைக் கிழிக்கும்.
மேலே செம்மண், ஒரு குடம் தண்ணீர்,
எல்லோரும் ஏறிக் குதிக்க வேண்டும்.
ஐம்பது வயதில் குதிப்பதற்கு
வேறு எங்கே அனுமதி இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும்.
எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.
முதல் ஞாயிறு நான் வந்தது
இவர்களுக்குத் தண்ணீர் கேன் போட.
இரண்டு கேன், எண்பது ரூபாய்.
வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம்.
வழியில் ஒரு கல் கிடந்தது, குனிந்தேன்.
மூன்று வருடமாகிறது,
இன்னும் சரியாக நிமிரவில்லை.

பத்து மணிக்கு வெயில் வந்து
எங்களை வீட்டுக்கு அனுப்பியது.
கோப்பையை மட்டும் யாரும் உடைக்கவில்லை.
வேலியோரம் வைத்து
மண் நிரப்பி, தும்பை நட்டிருக்கிறான் தப்ரேஸ்.
பிடிக்குமா தெரியாது, தும்பைக்கு.

திங்கள் காலை
பாதை முனையில் வண்டியிலிருந்து
கேன் இறக்கிக்கொண்டிருந்தேன்.
நைட் டியூட்டி முடிந்த செக்யூரிட்டி ஒருவர்
மேல் பட்டன் கழற்றி
பழைய சைக்கிளில் வந்தார்.
கேரியரில் டிபன் டப்பா.
தினமும் வருபவர்தான்.
அந்த இடத்தில் டப்பா குதிக்கும்,
ஸ்பூன் உள்ளே கத்தும்,
இங்கே எனக்குக் கேட்கும்.

இன்று சத்தம் வரவில்லை.
கொஞ்ச தூரம் போனவர்
காலை ஊன்றி நிறுத்தி
டப்பா விழுந்துவிட்டதோ என்று
திரும்பிப் பார்த்தார்.

இருந்தது.
தட்டிப் பார்த்துவிட்டு
மிதித்துக்கொண்டு போனார்.