நாற்பது சொற்களுக்குள்

பாடத்திட்டக் கையேட்டின் பதினோராம் பக்கம் என் பொறுப்பு.
ஒயின் இயல், ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு,
ஆசிரியர் அறிமுகம்.
ஆளுக்கு நாற்பது சொல், ஒரு புகைப்படம்.
கூடினால் தோட்டப்பாளையத்து அச்சகக்காரர்
போன் போட்டுத் திட்டுவார்.

வாஜித் அகமது, மேல்விஷாரம்.
தோல் தொழில்நுட்பத்தில் முதுகலை.
இருபத்தாறு வருஷம் ராணிப்பேட்டைத் தொழிற்சாலையில்
தொட்டி தொட்டியாகப் பட்டைச்சாற்றை
விரலால் தொட்டுப் பார்த்தவர்.
ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில்:
ஆட்டுத்தோலை எது இறுக்குகிறதோ
அதுவேதான் நாக்கையும் இறுக்குகிறது என்பார்.
துவர்ப்புக்கு மட்டும் ஆறு வகுப்பு.
வேறு துறைப் பிள்ளைகள் வந்து சுவரோரம் நிற்கிறார்கள்.
ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை.
கோப்பையை மூக்கருகே கொண்டுபோவார்,
நிறுத்துவார்.
"பீப்பாய் பழசு. கழுவினவன் அவசரக்காரன்."
சரியாகத்தான் இருக்கும்.
குடிப்பதில்லை என்று போடட்டுமா சார், கேட்டேன்.
"அது தகுதியா, குறையா?
தெரிந்தால் போடு."
போடவில்லை.

தணிகாசலம், குடியாத்தம்.
கேட்டரிங் டிப்ளமோ, ஒரு தாள் இன்னும் அரியர்.
அதனால் பெயருக்கு முன்னால் 'கௌரவ' என்று சேர்க்கச் சொன்னார்கள்.
பதினான்கு வருஷம் சொகுசுக் கப்பலில்
பாட்டிலை விருந்தாளி பக்கம் திருப்பியே பிடித்ததில்
எந்த லேபிளையும் தலைகீழாகத்தான் வேகமாகப் படிப்பார்.
அயல்நாட்டுப் புத்தகத்தின் வாசனைப் பட்டியலை
ஒரே ராத்திரியில் அடித்துத் திருத்தியவர்:
நாகப்பழம்.
பென்சில் சீவிய தூள்.
காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் முதல் மழை.
அறை வெப்பநிலையில் பரிமாறவும் என்ற வரிக்கு மட்டும்
நின்று சிரிப்பார்.
"எந்த ஊர் அறை?
மே மாதம் நம்ம வகுப்பில் ஊற்றினால்
ரசம் என்று நினைத்து அப்பளம் கேட்பான்."
இதையும் போட முடியாது.

முனைவர் எஸ்தர் பொற்கொடி, நுண்ணுயிரியல்.
நொதித்தல் பாடம்.
ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில்
ஈஸ்ட் வளர்கிறதா என்று பார்த்துச் சொன்னவர்.
வளர்கிறது என்று எழுதிக் கொடுத்தபின்
மாடிப்படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பாராம்.
இப்போது அந்தச் சாதிக்காரனுக்கே
சர்க்கரை கரைத்து ஊற்றுகிறார்,
சூடு பார்க்கிறார்,
கண்ணாடிக் குடுவையில் முதல் குமிழி எழும்போது
பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.
அவர் தட்டுவதில்லை.
குடுவையின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.
தட்டச்சு செய்ததைக் காட்டினேன்.
ஒன்பது வருஷத்தின் மேல் விரலை வைத்து
"இதை எடுத்துடுங்க" என்றார்.
அங்கே என்ன போட?
"ஒண்ணும் வேண்டாம்."
பதினெட்டுச் சொல்லில் முடிந்துவிட்டது.

மிச்சம் இருபத்திரண்டு.
மணி ஆறு, ஆபீசில் யாருமில்லை,
மின்விசிறி வெந்நீர்க் காற்றைத்தான் சுற்றுகிறது.
அந்தக் காலி இடத்தில் என்னை எழுதிப் பார்த்தேன்:

கோ. பூவராகன், பி.எஸ்ஸி. கணிதம்.
சத்துவாச்சாரி அரசு மதுக்கடையில் எட்டு வருஷம் விற்பனையாளர்.
கம்பிவலைக்குள் நீளும் கையைப் பார்த்தே
குவார்ட்டரா, பீரா, கடனா சொல்லத் தெரியும்.
நடுக்கத்துக்குப் பெயர் தெரியாது.

எண்ணினேன். சரியாக இருபத்திரண்டு.
எட்டு வருஷத்தில் கல்லாக் கணக்கு
ஒருநாளும் இப்படி நேரானதில்லை.

வாசலில் பஸ் ஹாரன்.
எல்லாவற்றையும் அழித்தேன்.
எஸ்தர் மேடத்தின் படத்தை
ஓரத்தைப் பிடித்து இழுத்துக்
கொஞ்சம் பெரிதாக்கி
இடத்தை நிரப்பினேன்.