அறுநூறு

அறுநூறு என்றுதான் எழுதியிருந்தாள் லீனே.
அறுநூறு கொலுசு. மணி வேண்டாம்.

அந்த மணியில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டு நின்றோம்.
சத்தமில்லாத கொலுசை எவன் வாங்குவான்
என்றார் மாதேஸ்வரன்.
டென்மார்க்காரன் வாங்குவான்.
வாங்கி?
தெரியாது, முப்பது சதவீதம் அட்வான்ஸ் என்றேன்.

செவ்வாய்ப்பேட்டை எழுபது டச் வெள்ளியில் நடக்கிற ஊர்.
அவளுக்குத் தொண்ணூற்றிரண்டரை வேண்டும்,
நிக்கல் இல்லை என்று சான்றிதழ் வேண்டும்.
தோலுக்குக்கூட அங்கே சட்டம் இருக்கிறது.
பற்றவைக்கும் பாவாயிக்குக் கை கேட்கவில்லை:
முதல் இருபதிலும் மணி வைத்துவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினாள்.

வீடியோவில் லீனே தேதி கேட்டாள்.
மாதேஸ்வரன் தலையை ஆட்டினார்.
அந்த ஆட்டலுக்கு 'பார்க்கலாம்' என்று பொருள்,
லீ பஜார் வரைக்கும் தெரியும்.
அவள் குறித்துக்கொண்டாள்:
சரி. ஜூன் பத்து.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை
அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள்.
யாரும் சொல்லவில்லை.
நாலரை மூன்றரை ஆகியிருந்தது.
வழக்கம்போல் ஒன்றரைக்குப் போய் உட்கார்ந்தேன்,
திரையில் நான் மட்டும்,
எனக்குப் பின்னால்
நாள்காட்டி முருகன்.

ஜூன் பத்துக்கு இரவு பகலாய்ப் பட்டறை எரிந்தது.
போய்ச் சேர்ந்த மறுநாள் போன்:
ஏன் இரண்டு மடங்கு அனுப்பினீர்கள்?
ஏன் இரண்டு மடங்கு விலை?

நாங்கள் அனுப்பியது அறுநூறு ஜோடி.
அவள் கேட்டது அறுநூறு கால்.

மற்றக் கால்? என்றார் மாதேஸ்வரன்.
முதலில் நான் மொழிபெயர்க்கவில்லை,
பிறகு மொழிபெயர்த்தேன்.
லீனே கொஞ்சநேரம் யோசித்தாள்.
அது சும்மா இருக்கும், என்றாள்.

இங்கே ஒற்றையாய் ஒன்றைக் கொண்டுபோனால்
அடகுக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார்,
இன்னொன்று எங்கே என்பார்,
ஸ்டேஷனுக்குச் சொல்லட்டுமா என்பார்.
கொலுசு என்று சொன்னாலே
எங்களுக்கு இரண்டு கேட்கிறது.
அதை ஒப்பந்தத்தில் எழுதவேண்டும் என்று
யாருக்குத் தோன்றும்?

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.
அதுதான் கஷ்டம்,
திட்டுவதற்கு ஆள் இல்லை.

பேசித் தீர்க்கலாம் என்றால் ஜூலை:
மூன்று வாரம் அந்த ஊரே விடுமுறை,
தானியங்கிப் பதில் மட்டும்
அவ்வளவு மரியாதையாய் வந்துகொண்டிருந்தது.
அவள் திரும்பிவந்தபோது இங்கே ஆடி.
கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டி
எங்கள் ஷட்டரும் இறங்கியிருந்தது.
என்னிடம் தானியங்கிப் பதில்கூட இல்லை.

ஆவணியில் ஒருவழியாய் முடிந்தது:
பாதி அவளுக்கு, பாதி விலைக்கு. மீதி எங்களுக்கு.
திரும்பிவந்த எங்கள் சரக்குக்கே
சென்னையில் வரி கேட்டார்கள்.
அதற்கு எத்தனை தாள், எத்தனை நாள்,
இப்போது அது வேண்டாம்.

அறுநூறு ஒற்றைகள்.
கொக்கி பார்த்து, எடை பார்த்து
முந்நூறாய்ச் சேர்த்தோம்.
கால் கிராம் அரை கிராம் பொருந்தாமல்தான் இருந்தது.
கடைக்காரர்கள் கையில் எடுப்பார்கள்,
காதருகில் ஒருமுறை குலுக்குவார்கள்,
வைத்துவிடுவார்கள்.

ஐப்பசியில் ஜெபராணி வந்தாள்,
பெரியாஸ்பத்திரியில் நைட் டூட்டி.
வார்டுல சலங்கைச் சத்தம் ஆகாதுங்க,
கழட்டி வச்சா காலு யாரோட காலோ மாதிரி இருக்கு,
இது சத்தம் போடாதில்ல?
போடாது.
அங்கேயே போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தாள்,
கடைக்குள் ஒன்றுமே கேட்கவில்லை.
அடுத்த வாரம் பதினோரு பேர்.

நேற்று லீனேயின் மெயில்.
நானூறு. ஒற்றை,
அடிக்கோடிட்டு.
எந்தக் காலுக்கு என்று தட்டச்சு செய்து
அழித்துவிட்டேன்.

தை பிறக்கிறதுக்குள்ள முடியுமா என்று கேட்டேன்.
மாதேஸ்வரன் தலையை ஆட்டினார்.

வாயத் திறந்து சொல்லுங்க, என்றேன்.