பதினெட்டாம் கேஜ்

கம்பி கட்டுகிறவன் என்றால்
சிரிப்பார்கள் எங்கள் பக்கம்.
எண்ணினால் சிறை,
நீட்டினால் ஓட்டம்.
கட்டுவதற்குத்தான் எனக்கு விசா.

அல்கோரில் ஒரு வெள்ளிக்கிழமை
அஸர் தொழுகை முடிந்த நேரம்
கேம்ப் வாசலில் வண்டி வந்து நின்றது.
இறங்கியவள் கேட்டாள்:
வளைக்கத் தெரிந்தவர் யார்?
எல்லோருமே வளைந்துதான் கிடந்தோம்,
நான்கு மாதச் சம்பளம் பாக்கி.
என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

வெர்னெல் என்று பெயர்.
டிரினிடாட்டாம்.
கிரிக்கெட் வர்ணனையில் கேட்டிருக்கிறேன்,
மைதானத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன்.
கேஸ் கம்பெனி வில்லாவில்
கார் ஷெட் முழுக்க இறகு, பசை, பளபளாத் துணி.
கார் வெயிலில் நின்றது.

காகிதத்தில் ஒரு பறவை.
நம் அரிவாள்மூக்கன்தான்,
ஆனால் மிளகாய்ப்பழச் சிவப்பு.
சிறகு ஒன்று ஏழடி.
சுமப்பவன் கொக்கலிக்கட்டையில் நிற்பான்.
அந்த உயரக்காரனுக்கு அவள் ஊரில்
மோக்கோ ஜம்பி என்று பெயர்.
ஆப்பிரிக்காவிலிருந்து
கடலை நடந்தே கடந்து வந்த சாமியாம்,
கப்பலடியில் சங்கிலியோடு போனவர்களைத் தேடி.
எங்களைத் தேடி எந்தச் சாமியும்
ஃபிளைட்டில்கூட வரவில்லை என்றேன்.
என் சைட் இங்கிலீஷில் என்ன புரிந்ததோ,
ரொம்ப நேரம் சிரித்தாள்.

பத்து வருடமாக நான் கட்டியதெல்லாம்
கான்கிரீட்டுக்குள் இருக்கிறது.
இன்று கட்டினால் நாளை கொட்டி மூடுவார்கள்.
நாற்பத்தோரு மாடி,
ஒரு முடிச்சு வெளியே தெரியாது.
தெரிந்தால் இன்ஸ்பெக்டர் சாக்பீஸால் வட்டம் போடுவார்.

பதினெட்டாம் கேஜ் கட்டுக்கம்பி
நூல் மாதிரி பேச்சைக் கேட்கும்.
சிறகின் எலும்பெல்லாம் முடித்தேன்.
கர்ண தமாங் ஒருநாள் கூட வந்து
மூன்று முடிச்சுப் போட்டான்,
மீதி நேரம் கேக் தின்றான்.
முன்பக்கம் இறகு ஒட்டி முடித்தவள்
முதுகுப் பக்கம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.
இதை மூட வேண்டாம்.
துரு ஏறுமே.
ஏறட்டும். முடிச்சு தெரியணும். அதுதான் டிசைன்.

மூன்றாவது வெள்ளி
புளிச்சைப் பூவில் கிராம்பு போட்டுக் காய்ச்சிய
சிவப்புச் சர்பத் கொடுத்தாள்.
அவள் பிறந்தது லாவெண்டில் என்ற மேடு.
எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டி
சுருதி கண்டுபிடித்த சந்துகள்.
பாட்டுக் கேட்க எல்லோரும் ஏறி வருவார்கள்.
வேலைக்கு மனுப் போட்டால் மட்டும்
முகவரியைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுவார்கள்.
அத்தை வீட்டு முகவரியை எழுதித்தான்
முதல் வேலை கிடைத்ததாம்.

கொக்கியைக் கீழே வைத்தேன்.
எங்களிடம் ஊர் எது என்பார்கள்.
சொன்னால்
ஊரில் எங்கே என்பார்கள்.
அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்து
பஸ் ஸ்டாப் பெயரைச் சொல்லப் பழகினவன் நான்.
கேம்பிலும் அதேதான் சொல்லி வைத்திருக்கிறேன்.
உனக்கும் அத்தை வீடா என்றாள்.
எனக்குப் பஸ் ஸ்டாப்.
வேறெதுவும் பேசவில்லை.
சர்பத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

சிறகைச் சுமக்க வந்தவன் கயானாக்காரன்.
குடும்பப் பெயர் முத்துசாமி.
தமிழில் ஒரு சொல் தெரியாது.
எந்த முத்துசாமி,
யார் வீட்டு முத்துசாமி என்று வாயெடுத்தேன்.
அவனுக்கே தெரியாது.
நாலு தலைமுறைக்கு முன்னால் கப்பலில் தொலைந்துபோயிற்று
அந்த இரண்டாவது கேள்வி.
கொடுத்துவைத்தவன்.

பிப்ரவரிக் குளிர்.
காம்பவுண்டுச் சுவருக்குள்தான் அனுமதி.
பத்து வீட்டுக் கார்னிவல்,
நாலே பீப்பாய், ஆனாலும் தரை அதிர்ந்தது.
நான் பிளையரோடு பின்னாலேயே ஓடினேன்,
ஏதாவது அவிழ்ந்தால் கட்ட.
ஒன்றும் அவிழவில்லை.

முத்துசாமி எழுந்து நின்றான்.
சுவருக்கு மேலே போயிற்று சிறகு.
அவன் திரும்பியபோது
முதுகு தெருவைப் பார்த்தது.

சம்பளம் இன்னும் வரவில்லை.
அந்தப் பக்கம் கேம்ப் பஸ் நிற்கிற சத்தம்.
விசில் ஒன்று.
பிறகு கர்ணாவின் குரல்,
ஏக், துயி, தீன்,
அவன் போட்டது மூன்றுதான்,
சார், பாஞ்ச் என்று
போய்க்கொண்டே இருந்தது.