ஆறாம் குழி

டிசம்பர். கல்லடி ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணீர்.
செருப்பைக் கையில் பிடித்தபடி வந்திருக்கிறேன்.
கலங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.
இன்றைய திரவத்தை இன்றைக்கே மாற்ற வேண்டும்,
தவறினால் ரோசாச் சர்பத் நிறம்
பழுத்த பப்பாசி மஞ்சளாகும்.
மஞ்சள் என்றால்
தம் கழிவிலேயே அவை கிடக்கின்றன.

பெட்டிக்குள் முப்பத்தேழு பாகை.
ஒரு தட்டு, ஆறு குழிகள்.
குழிக்கு ஒன்றாக, குறுணலில் பாதி,
வெளிறிய ஏதோவொன்று.
ஏட்டில் இதற்கு இலக்கம் உண்டு: உ.லெ. பதினொன்று.
இறக்காமத்து உதுமாலெவ்வை என்று
நான் மட்டும் நினைத்துக்கொள்வேன்.

அவர் தந்தது ஒரு போத்தல் சிறுநீர்.
அப்போது இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது.
அதில் உதிர்ந்து மிதந்த கலங்களைப் பிடித்துப்
பின்னோக்கி நடத்தினோம்,
வயதை, வேலையை, தாம் யாரென்பதை மறக்கும் வரை.
முற்றிய ஓலை குருத்தாகாது.
இது ஆனது.
மறுகா முன்னோக்கி,
இன்ன நாளில் இன்ன துளி.
ஏழாம் நாள் திரண்டு, பன்னிரண்டில் சுருண்டு,
பதினெட்டாம் நாள் நுணுக்குக்காட்டியில்
வாய்க்கால்கள்.
யாரும் மண்வெட்டி பிடிக்காத வாய்க்கால்கள்.
கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி,
அறையில் ஆளில்லாததால் சுவரைப் பார்த்துச் சிரித்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு மெசினோடு நாலு மணித்தியாலம்.
இடைநாளில் அரை லீற்றர்தான் அனுமதி,
ஆணமும் கணக்கில் சேரும்.
வாசல்வரை வெள்ளம் நிற்க
ஐஸ் துண்டொன்றை நாக்கில் கரையவிட்டுக்கொண்டு
போன் எடுத்தார்.
"என்ன புள்ள, வளந்திரிக்கா?"
வளந்திருக்கு.
"தண்ணி கேக்குதா?"
நாளுக்கு ரெண்டு மில்லி.
"அந்தச் சைசுக்கு அது கடல் கா."

கொஞ்சம் பொறுத்து, குரலை இறக்கி:
"அத எனக்கு வெக்கேலுமா?"

ஏலாது.
வாய்க்கால் இருக்கிறது, வெளியே விட வழியில்லை.
இரத்தம் போய்ச் சேர ஒரு நாளமும் இல்லை.
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
முகத்துவாரம் அடைபட்ட வாவி மாதிரி என்றேன்.
வட்டைக்காரனுக்கு அது போதும்.
"நேத்து வெட்டித்தாங்களாமே" என்றார்.
வெட்டிவிட்டார்கள். பாலமீன்மடுவில்
பெக்கோ இறங்கி மணல்மேட்டைக் கீற,
ஊரின் தண்ணீரெல்லாம் ஒரே மூச்சில் கடலுக்கு.
இதற்குள் இறங்கும் பெக்கோ
இன்னும் யாரிடமும் இல்லை.

குளிர்ப்பெட்டியில் அவருடைய இன்னொரு போத்தல்.
சோடாப் போத்தலில் வட்டைக் கிணற்றுத் தண்ணீர்,
இருபத்திரண்டு வருடம்
விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் அவர் குடித்தது.
வடிகட்டி, கிருமி நீக்கி, அளந்து
இன்று மூன்று குழிகளில் விட வேண்டும்.
மற்ற மூன்றும் ஒப்பிட.
எந்த மூன்று என்பது என் கையில் இல்லை, சீட்டில்.
ஒன்று, நான்கு, ஆறு.

ஆறாவதுதான் திறமாக வளர்ந்தது.
ஐந்து என்று எழுதினால் யார் கண்டது?
பேனா அந்த இடத்தில்
ஒரு மை வட்டம் வரும்வரை நின்றது.

போத்தலைத் தந்த அன்று சொன்னார்:
"ஊத்திப் பாருங்க புள்ள, பாவம் பாக்காதீங்க.
எண்ட மகனும் அந்தக் கிணத்துலதான் குடிக்கான்."

ஆறிலேயே விட்டேன்.
நிறம் மாறவில்லை. ஒன்றும் தெரியவில்லை.
துளி விழுந்ததில் அது ஒருமுறை புரண்டு
பழைய இடத்துக்கே வந்தது.

கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை
பெட்டிக் கதவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன்,
சூட்டை நான் பிடித்து வைக்கலாம் என்பதுபோல.

கணக்குச் சொல்ல இன்னும் ஐந்து நாள் கிடக்கிறது.
அதற்குள் செவ்வாய் வரும்.
மெசினில் கிடந்தபடி போன் எடுப்பார்,
குடிச்சுதா என்பார்.

குடிச்சது.