வெறுப்புத் தூண்டில்

படிவம் மூன்று பிரதி. நீல மைப் பேனை மட்டும்.
‘வெறுப்புத் தூண்டுதலால் நேர்ந்த குற்றம்’ என்று வரவேண்டிய இடத்தில்
‘வெறுப்புத் தூண்டிலால்’ என்று அச்சாகியிருந்தது.
பிரதேச செயலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.
நானும் வெட்டவில்லை.
குளக்கட்டில் வளர்ந்தவளுக்குத் தூண்டில் தெரியும்.
எறிந்தவன் கரையில் இருப்பான்,
தக்கை மட்டும் ஆடும்.

இடத்தின் பெயர்: முதிரையடிக்குளம் பொதுநோக்கு மண்டபம்.
உபயோகம்: காலையில் முன்பள்ளி.
செவ்வாய் பின்னேரம் பெண்கள்.
வெள்ளி மதியம் பாய் விரித்து ஆறு குடும்பத்தின் தொழுகை.
மாரியில் யாருடைய மாடும்.
இவ்வளவுக்கும் விட்டிருந்தது ஒன்றரை வரி.

சேதம்:
எரிந்த பாய்கள் நான்கு, அலுமாரி ஒன்று,
நூலில் தொங்கிய பிள்ளைகளின் கடதாசி மீன்கள்.
மீனுக்கும் பெறுமதி போடச் சொன்னார் உத்தியோகத்தர்.
பூச்சியம் போட்டேன்.
வடக்குச் சுவரில் கழிவு ஒயில்.
ஒயிலால் எழுதிய ஒரு சொல்:
வெளியேறு.

அந்தச் சொல் இந்தக் காட்டுக்கு முன்னமும் வந்தது,
தொண்ணூறில், ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில்.
றிஸ்மியா அப்போது வயிற்றில்.
புத்தளத்து உப்புக்காற்றில் பிறந்து
இருபத்தைந்து வருசம் கழித்து வந்து
தகப்பன் வெட்டிய கிணற்றை
முதல்முதல் எட்டிப் பார்த்தவள்.

மானியம் மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
கமரா இரண்டு, விளக்கு நான்கு, சுற்றிவர முட்கம்பி.
திட்டம் கொழும்பிலேயே வரைந்து வந்திருந்தது.
குணசோதி எழும்பினாள்.
“முட்கம்பி வேண்டாம்.
ஏழு மாதம் அதுக்குள்ள கிடந்தனான்.
என்ர பிள்ளை நடை பழகினதே கம்பியைப் பிடிச்சு.”
கமராவில் பதிகிறது எங்கே போகும் என்று
மர்ஜான் கேட்டார்.
பொலிசுக்கு.
செவ்வாய்க்கிழமைப் பெண்கள் ஆளையாள் பார்த்தார்கள்.
காணாமல் போனவர்களின் படங்களை
மடியில் வைத்து அவர்கள் கதைப்பது அங்கேதான்.

ஆயுள் முழுக்கப் பார்க்கப்பட்ட சனம்
எங்களைப் பாருங்கள் என்று
இப்போது காசு கேட்கிறோம்.

கம்பி வேண்டாம், மதில் போதும்.
கமரா வீதியைப் பார்க்கட்டும், வாசலை வேண்டாம்.
கார்பன் வைத்து அதையும் எழுதினேன்.

கேள்வி பதினொன்று:
சந்தேகத்துக்குரிய நபர் எவரும் உண்டா?

சங்கத்தின் வரவுப் புத்தகம் என்னிடம்தான்,
ஒன்பது வருசத்துக் கையெழுத்துகளோடு.
றகரத்தின் வாலை அரிவாள் மாதிரி இழுத்து
நுனியில் மேலே வளைப்பவர்
இந்த ஊரில் ஒருத்தர்தான்.
மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டியவர்.
திறப்பு ஒன்று அவரிடமும் இருக்கிறது.
மீள்குடியேற்றத்தில் கிடைத்த அவருடைய அரை ஏக்கருக்குள்தான்
பழைய கச்சேரி வரைபடத்தின்படி
றிஸ்மியாவின் தகப்பன் வெட்டிய கிணறு.
என் மகனை ஷெல்லடிக்குள்ளால்
தோளில் தூக்கி வந்தவரும் அவர்.

‘விசாரணையில்’ என்று எழுதினேன்.
அழுத்தியதில்
மூன்றாம் பிரதி கிழிந்தது.

பங்குனியில் காசு வந்தது.
கமரா பூட்ட வந்த வவுனியாப் பொடியனுக்கு
ஏணி பிடித்தவர் அவர்.
ஏணியும் அவர் வீட்டது.
கண் சிவப்பாய் மினுங்கத் தொடங்கியதும் கேட்டார்,
“இது இரவிலயும் பிடிக்குமோ?”
“எறும்பும் தெரியும் ஐயா.”
தலையாட்டினார்.
வரவுப் புத்தகத்தை வாங்கி
ஒன்பது வருசத்தில் முதல் தரம்
பெயரை எழுதாமல்
ஒரு கோடு மட்டும் இழுத்தார்.

றிஸ்மியா தேத்தண்ணி நீட்டினாள், சீனி தனியாக.
மேசைக்கு அந்தப்பக்கம் நின்று
புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்தாள்.
அவளுக்கும் வாசிக்கத் தெரியும்.

சுவருக்கு மூன்று தரம் வெள்ளை அடித்தாயிற்று.
மத்தியான வெயிலில்
கடைசி எழுத்து நின்ற இடத்தில்
ஒயில் மெல்லக் கசிகிறது.
கமரா வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.